மேக், மெக், ஓ: ஸ்காட்லாந்து, அயர்லாந்துக் குடும்பப் பெயர்களின் ஸ்பெல்லிங் எங்கே பிரிகிறது?

கேலிக் என்பது ஸ்காட்லாந்து, அயர்லாந்து இரண்டின் பழைய மொழி; அதன் அயர்லாந்து வடிவம் ஐரிஷ். உலகத்தில் அதிகமாகக் கண்ணில் படும் கேலிக் குடும்பப் பெயர் ஒரு பர்கர் கடைப் பலகையில் இருக்கிறது. மெக்டொனால்ட். கடையைத் தொடங்கிய சகோதரர்கள் ரிச்சர்டும் மாரிஸும் அயர்லாந்திலிருந்து அமெரிக்கா போன பெற்றோருக்குப் பிறந்தவர்கள். பலகையில் இருப்பது எம்-சி. ‘எம்-சி என்றால் அயர்லாந்து, எம்-ஏ-சி என்றால் ஸ்காட்லாந்து, சரியாகத்தானே இருக்கிறது’ என்று இங்கேயே ஒருவர் சொல்லிவிடுவார். அந்த விதி பொய். இந்தக் குடும்பத்துக்கு அது பொருந்தியது தற்செயல். அதே பெயரின் பின்பாதியைப் பாருங்கள்: ‘டி’ எழுத்தில் முடியும் டொனால்ட் ஸ்காட்லாந்தில் நிலைத்த வடிவம். அயர்லாந்தில் அதே பெயர் பெரும்பாலும் டானல் என்றுதான் முடியும்.

உச்சரிப்பில் வேறுபாடு இல்லையென்றாலும் இங்கே வசதிக்காக எம்-ஏ-சி வடிவத்தை ‘மேக்’ என்றும் எம்-சி வடிவத்தை ‘மெக்’ என்றும் எழுதுகிறேன். இரண்டும் ஒரே சொல். கேலிக்கில் ‘மகன்’ என்று பொருள். (நம் மகனுக்கும் இதற்கும் ஒலி ஒற்றுமையைத் தவிர உறவு எதுவும் இல்லை. அந்தக் கயிற்றைத் திரிக்கக் கிளம்ப வேண்டாம்.) ‘மெக்’ என்பது ‘மேக்’கின் சுருக்கெழுத்து, அவ்வளவுதான். பதிவேட்டில் பக்கம் பக்கமாக இந்தப் பெயர்களை எழுதவேண்டிய பாதிரியாரும் குமாஸ்தாவும் ஒரு எம் போட்டு, அதன் தோளில் சின்னதாக ஒரு சி ஏற்றி, சி-க்கு அடியில் கோடோ புள்ளியோ வைத்துவிட்டுப் போனார்கள். மேலேற்றிய சி கைவசம் இல்லாத அச்சுக்கூடங்கள் தலைகீழான காற்புள்ளி ஒன்றை எம்-முக்குப் பக்கத்தில் வைத்துச் சமாளித்தன. அதனால்தான் பழைய புத்தகங்களில் எம்-முக்குப் பிறகு வெறும் மேற்கோள் குறி தொங்கும். ஒரே ஆளின் ஞானஸ்நானப் பதிவில் மேக், திருமணப் பதிவில் மெக், கல்லறைக் கல்லில் எம்-மும் மேற்கோள் குறியும் என்று மூன்றும் வருவது இரண்டு நாட்டிலும் சாதாரணம். கத்தோலிக்கர் ஒன்றையும் புராட்டஸ்டன்ட்கள் மற்றொன்றையும் எழுதுவார்கள் என்று இன்னொரு விதி உலவுகிறது. அதுவும் இதே ரகம். மேக்குக்குப் பின் வரும் எழுத்து பெரியதா சின்னதா, நடுவில் இடம் உண்டா என்பதெல்லாம் அந்தந்தக் குடும்பத்தின் விருப்பம். அதில் வரலாறு தேடினால் கிடைக்காது.

‘ஓ’ வந்தால் நிலைமை வேறு. ஓ என்றால் பேரன், விரிந்த பொருளில் வழித்தோன்றல். இது அயர்லாந்துக்கே உரியது. ஸ்காட்லாந்து கேலிக் பெயர்களில் ஓ நிலைக்கவில்லை. ஓ’நீல், ஓ’பிரையன், ஓ’சல்லிவன் என்ற பெயர் உள்ளவர் கிளாஸ்கோவிலேயே பிறந்திருந்தாலும் பெயர் அயர்லாந்திலிருந்து வந்தது என்று துணிந்து சொல்லலாம். ஸ்பெல்லிங்கை மட்டும் வைத்து இந்த அளவு உறுதியாகப் பேசக்கூடிய இடம் அநேகமாக இது ஒன்றுதான். ஓ-வுக்குப் பின் வரும் மேற்கோள் குறி ஆங்கிலேயக் குமாஸ்தாக்களின் கைவேலை. ஐரிஷில் ஓ-வின் தலைமேல் ஒரு சாய்கோடு இருக்கும், அடுத்து ஓர் இடைவெளி இருக்கும், மேற்கோள் குறி இருக்காது.

ஆனால் ஓ இல்லை என்பதால் அயர்லாந்து இல்லை என்று முடிவு கட்ட முடியாது. ஐரிஷ் பேசிய பிரபுக்களின் ஆட்சி உடைந்த 17, 18ஆம் நூற்றாண்டுகளில் பெருவாரியான குடும்பங்கள் ஓ-வை உதறிவிட்டன. 1893இல் ஐரிஷ் மொழியை மீட்க கேலிக் லீக் என்ற சங்கம் தொடங்கிய காலத்தை ஒட்டி மொழிப்பற்று எழுந்தபோது பலர் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். தாத்தா சல்லிவன், பேரன் ஓ’சல்லிவன் என்று பதிவு இருந்தால் அது இந்த அலை. எல்லாப் பெயருக்கும் ஓ திரும்பவில்லை. ஓ’பிரையனுக்கும் ஓ’கானருக்கும் வந்தது. மர்ஃபிக்கு வரவேயில்லை என்று சொல்லலாம்.

ஓ-வுக்குப் பிறகு உயிரெழுத்து வந்தால் நடுவில் ஒரு ‘ஹ’ நுழையும். ஓகான் என்பவரின் வழித்தோன்றல் ஓ ஹோகான். பின்னால் ஓ உதிர்ந்தபோது இலக்கணத்துக்காக வந்த ஹ பெயரோடேயே ஒட்டிக்கொண்டது. ஹோகன், ஹிக்கி, ஹேய்ஸ், ஹிக்கின்ஸ் எல்லாம் அப்படி ஹ பெற்றவை. ஐரிஷில் எழுதும்போது பெண்ணின் பெயரில் ஓ-வுக்குப் பதில் ‘நீ’ வரும், அங்கே ஹ நுழையாது. அண்ணன் ஓ ஹோகான் என்றால் தங்கை நீ ஓகான். ஐரிஷில் எழுதிய பட்டியலில் தங்கையை ஹ வரிசையில் தேடினால் கிடைக்கமாட்டாள்.

இரண்டு நாட்டுக்கும் உண்மையான பிரிவு மேக்குக்குப் பின்னால் வரும் எழுத்தில் இருக்கிறது. ஸ்காட்டிஷ் கேலிக்கில் மேக்குக்கு அடுத்து வரும் தகப்பன் பெயரின் முதல் மெய் பெரும்பாலும் இளகிவிடும்: ப என்பது ஃப ஆகும், ச என்பது வெறும் ஹ ஆகும், ம என்பது வ ஆகும். ஐரிஷில் அந்த இடத்தில் மெய் பொதுவாக அப்படியே நிற்கும். ஆங்கிலக் குமாஸ்தாவுக்கு இலக்கணம் தெரியாது. காதில் விழுந்ததை எழுதினார். விளைவு, ஒரே தகப்பன் பெயர் இரு கரைகளிலும் முகம் தெரியாதபடி மாறிப்போனது.

பார்லன் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரிஷில் பார்த்தலான். ஸ்காட்லாந்தில் அது இளகி மேக்ஃபார்லன். அயர்லாந்தில் ப இளகாமல் மெக்பார்ட்லின், மெக்பார்ட்லன். இன்னும் விநோதமானது சுயினே. அயர்லாந்தில் மெக்ஸ்வீனி, ஸ்வீனி. ஸ்காட்லாந்தில் ச உதிர்ந்து ஹ ஆகி, மேக்கின் கடைசி ஒலியோடு அந்த ‘ஹுயினே’ ஒட்டி மேக்குவீன் ஆகிவிட்டது. ராணிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. குமாஸ்தாவுக்குத் தெரிந்த ஆங்கிலச் சொல் ஸ்பெல்லிங்கை இழுத்துக்கொண்டது. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: அயர்லாந்தின் வடமேற்கில் உள்ள டானிகாலின் மெக்ஸ்வீனிகளே ஸ்காட்லாந்திலிருந்து வந்தவர்கள்தான். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் அவர்கள் மூதாதை பெயரால் ஸ்வீன் கோட்டை இன்னும் இருக்கிறது. குடும்பம் ஸ்காட்லாந்து, ஸ்பெல்லிங் அயர்லாந்து.

அவர்கள் வந்த வழி இந்தப் பெயர்க் குழப்பம் முழுவதற்கும் ஒரு திறவுகோல். 13ஆம் நூற்றாண்டிலிருந்து ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளிலிருந்து கூலிப்படை வீரர்கள் அயர்லாந்து மன்னர்களிடம் வேலைக்கு வந்தார்கள். கேலோகிளாஸ் என்று ஆங்கிலத்தில் அவர்களுக்குப் பெயர். 1259இல் மேற்கு அயர்லாந்தின் கானாட் இளவரசர் ஏய் ஓ’கானர் ஹெப்ரிடீஸ் தீவுத் தலைவர் ஒருவரின் மகளை மணந்தபோது சீதனமாக 160 கேலோகிளாஸ் வீரர்கள் கூடவே வந்தார்கள். அந்தத் தலைவரின் பெயர் டூகால். ‘கறுத்த அந்நியன்’ என்று பொருள், முதலில் வைக்கிங்குகளைக் குறித்தது. அதே பெயர் ஸ்காட்லாந்தின் ஆர்கைலில் மேக்டூகல் ஆனது, தென்மேற்கு ஸ்காட்லாந்தின் காலவேயில் ‘ஏ-எல்-எல்’ என முடியும் மேக்டவால் ஆனது, அயர்லாந்துக்குப் போன கேலோகிளாஸ் குடும்பத்தில் ‘ஈ-எல்-எல்’ என முடியும் மெக்டவல் ஆனது. ஓ போட்டு அயர்லாந்திலேயே வளர்ந்த கிளை ஓ உதிர்ந்து டாயில் என்று நிற்கிறது. டாயிலையும் மேக்டூகலையும் பக்கத்தில் வைத்து ஒரே பெயர் என்றால் நம்பக் கடினம். ஐரிஷில் எழுதிப் பார்த்தால் இரண்டின் நடுவிலும் அதே எழுத்துகள் இருக்கும்.

டொனால்டுக்கும் இதே கதை. ஸ்காட்லாந்தில் மேக்டொனால்ட், அயர்லாந்தில் மெக்டானல், ஓ போட்டால் ஓ’டானல். ஆனால் அயர்லாந்தின் வடகிழக்கில் உள்ள ஆன்ட்ரிமின் மெக்டானல்கள் ஸ்காட்லாந்து டொனால்ட் குலத்தின் ஒரு கிளை. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு திருமணத்தின் வழியே ஆன்ட்ரிமில் நிலம் பெற்றவர்கள். போதாததற்கு ஸ்காட்லாந்திலேயே கிளென்கேரி கிளை ‘டி’ இல்லாமல், ஒற்றை எல்லோடு மேக்டொனெல் என்று எழுதிக்கொள்கிறது. ஓ’டானல்கள் மட்டும் இந்த வம்சத்தோடு சேராத தனிக் குடும்பம்.

ஐரிஷில் இன்னொரு பழக்கம் உண்டு. தகப்பன் பெயர் உயிரெழுத்தில் தொடங்கினால் மேக் பல நேரம் ‘மேக’ என்று க-வை அழுத்தாமல் ஜி எழுத்தோடு முடியும். அந்த ஜி தகப்பன் பெயரின் முதலெழுத்து போலவே ஆகிவிடும். ஏங்கஸ் என்பவரின் மகன் ஸ்காட்லாந்தில் மேகின்னஸ், நடுவில் ஜி கிடையாது. அயர்லாந்தில் மெக்கின்னஸ் என்று ஜி-யோடு, அல்லது மெஜெனிஸ். முன்னொட்டும் உதிர்ந்தால் கின்னஸ், அதாவது பீர் பாட்டிலில் இருக்கும் பெயர். மெக்குவைர், கெரட்டி, கேகன் ஆகியவற்றில் உள்ள ஜி-யும் இப்படி வந்ததுதான். ‘எம்-ஏ-ஜி’ என்று தொடங்கும் பெயரைப் பார்த்தால் அயர்லாந்தை முதலில் தேடுவது நல்லது.

இவை எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடும் பெயர் ஏய். இரண்டெழுத்துக்குள் அடங்கும் ஒலி, ஐரிஷில் நான்கெழுத்து. மெய் எதுவும் பிடிமானமாக இல்லாததால் கேட்டவர்கள் ஆளுக்கொரு விதமாக எழுதினார்கள். வட ஸ்காட்லாந்தின் சதர்லாண்ட் பக்கம் மேக்காய் (ஸ்பெல்லிங்கைப் பார்த்து மேக்கே என்று படிக்கக் கூடாது), காலவேயில் மெக்கி, அயர்லாந்தின் வட மாகாணமான அல்ஸ்டரில் இரட்டை ஈயோடு மெக்கீ, ஆன்ட்ரிம் கரையோரம் மெகீ, கேலோகிளாஸ் வழியில் மெக்காய், கானாட் பக்கம் மெக்ஹியூ. ஓ போட்ட கிளை ஹேய்ஸ். மொழிபெயர்த்துக்கொண்டவர்கள் ஹியூஸ். இவர்களெல்லாம் ஒரே வம்சம் என்று எண்ணிவிடக் கூடாது. ஏய் என்பது அந்தக் காலத்தில் தெருவுக்கு நாலு பேருக்கு இருந்த பெயர். ஆங்காங்கே இருந்த ஏய்களின் பிள்ளைகள் தனித்தனியாக இந்தப் பெயரைப் பெற்றார்கள்.

புனிதர் பெயரோடு ‘பணியாள்’ என்ற சொல் சேரும் பெயர்களும் உண்டு. ஸ்காட்லாந்தில் கில்லெ, அயர்லாந்தில் கில்லா. ‘இயேசுவின் பணியாளின் மகன்’ ஸ்காட்லாந்தில் மெக்லீஷ், அயர்லாந்தில் மெக்கலீஸ். ஸ்காட்லாந்தின் முதலமைச்சராக 2000 முதல் 2001 வரை இருந்தவர் ஹென்றி மெக்லீஷ். அதே ஆண்டுகளில் அயர்லாந்தின் ஜனாதிபதி மேரி மெக்கலீஸ், அவருக்கு அது கணவர் வழியில் வந்த பெயர். மேக் இல்லாமல் வந்தால் கில்லிஸ். இதே அமைப்பில் வந்த மேக்லீன் அல்ஸ்டரில் இரட்டை சி-யோடு மெக்க்ளீன் ஆகும், மேக்லெல்லனோடு உறவுடைய பெயர் மெக்க்ளெலண்ட் ஆகும். மேக்கின் கடைசி ஒலியைக் குமாஸ்தா இரண்டு முறை எழுதியதன் விளைவு அது. இரட்டை சி-யைப் பார்த்தால் அல்ஸ்டரை நினைத்துக்கொள்ளலாம், ஆனால் பந்தயம் கட்ட வேண்டாம்.

ஓரளவு நம்பக்கூடிய அடையாளம் தொண்டையிலிருந்து வரும் அந்தக் கரகரத்த ‘ஹ்க’ ஒலி. ஏரிக்கு இரு நாட்டிலும் சொல் ஒன்றே. ஸ்காட்லாந்தில் அதை சி-எச் போட்டு எழுதுவார்கள், அயர்லாந்தில் ஜி-எச் போட்டு. குடும்பப் பெயர்களும் அப்படியே. ஸ்காட்லாந்தின் மேக்லாக்லன் சி-எச், அயர்லாந்தின் மெக்லாக்லின் ஜி-எச். ஸ்ட்ராக்கன், புக்கானன், மர்டாக் எல்லாம் சி-எச். கேலகர், கேகன், ஹாகி எல்லாம் ஜி-எச்.

இந்த விதி அழகாக வேலை செய்வதை அயர்லாந்திலிருந்து ஸ்காட்லாந்துக்குக் குடியேறியவர்களின் பெயரில் பார்க்கலாம். 1845இல் தொடங்கிய பெரும் பஞ்சத்துக்கு முன்னும் பின்னும் டானிகாலிலிருந்தும் டெர்ரியிலிருந்தும் கிளாஸ்கோ, டண்டி பக்கம் ஆயிரக்கணக்கில் போனார்கள். பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பெயர் சொன்னார்கள், ஸ்காட்லாந்துப் பதிவாளர் தன் காதுக்கும் தன் ஊர் வழக்கத்துக்கும் ஏற்ப எழுதினார். அயர்லாந்தின் கேலகர் அங்கே சி-எச் போட்ட கேலகர் ஆனது. அயர்லாந்தில் வெறும் எச் மட்டும் எழுதும் டோஹர்ட்டி ஸ்காட்லாந்தில் சி-எச்சோடு டாக்கர்ட்டி ஆனது. கால்பந்தாட்டக்காரர்கள் ஹியூயி கேலகர், டாமி டாக்கர்ட்டி இருவரும் ஸ்காட்லாந்தில் பிறந்தவர்கள், பெயர் டானிகால் பெயர், ஸ்பெல்லிங் ஸ்காட்லாந்து ஸ்பெல்லிங். அமெரிக்காவுக்குப் போனவர்களிடம் ஜி-எச்சோடு கூடிய டோகர்ட்டி மிகுதி. ஆக இந்த ஒரு பெயரின் ஸ்பெல்லிங் சொல்வது, எந்தத் துறைமுகத்தில் இறங்கிய பிறகு பெயர் பதிவானது என்பதை.

ஆங்கிலப் பெயர்களிலும் சின்னச் சின்னப் போக்குகள் தெரியும். கிளார்க்கும் பிரவுனும் ஸ்காட்லாந்தில் பெரும்பாலும் ஈ இல்லாமல், அயர்லாந்தில் அடிக்கடி ஈ-யோடு. அயர்லாந்துக் கிளார்க்குகளில் பலர் உண்மையில் ஓ’கிளியரி, பொருள் ஒன்றாக இருந்ததால் மாற்றிக்கொண்டவர்கள். தாம்சன் ஸ்காட்லாந்தில் பி இல்லாமல், அல்ஸ்டரில் பி-யோடு அதிகம். ஜான்ஸ்டன் என்று டி வந்தால் அது ஊர்ப்பெயர், ஸ்காட்லாந்து எல்லைப்புறத்து அன்னண்டேல் பக்கத்துக் குடும்பம். டி இல்லாத ஜான்சன் ‘ஜானின் மகன்’. அயர்லாந்தில் மெக்‌ஷேன்கள் இரண்டில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டார்கள்.

இஸட் எழுத்துக்கு மட்டும் ஒரு வார்த்தை. ஸ்காட்ஸ் என்பது ஆங்கிலத்துக்கு நெருங்கிய ஸ்காட்லாந்து மொழி, கேலிக் அல்ல. பழைய ஸ்காட்ஸ் எழுத்தில் ‘ய’வுக்கு அருகில் ஒலிக்கும் யோக் என்றொரு எழுத்து இருந்தது. அச்சு வந்தபோது அந்த எழுத்து அச்சுப்பெட்டியில் இல்லை. உருவம் ஒத்திருந்த இஸட்டை வைத்தார்கள். மென்ஸீஸ் என்று எழுதி மிங்கிஸ் என்று சொல்வதும், டால்ஸியல் என்று எழுதி டீயெல் என்று சொல்வதும் அதனால்தான். மெக்கன்சியும் ஆதியில் ‘மெக்கென்யி’ போல ஒலித்த பெயர். எழுத்தைப் பார்த்துப் பார்த்து உச்சரிப்பே மாறிவிட்டது. ஸ்டார்னவேயில் பிறந்து 1815இல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரலான காலின் மெக்கன்சியின் சுவடித் தொகுப்பில் ஒரு பகுதி சென்னைக் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது. அந்தப் பெயரில் நாம் எழுதும் ‘சி’ ஓர் அச்சுக்கோப்பவர் கைக்கு எட்டிய எழுத்து. அயர்லாந்தில் வேர்விட்ட கேலிக் பெயர்களில் இந்த வகை இஸட் கிடையாது.

ஸ்பெல்லிங் ஒன்றாக இருந்து வேர் வேறாக இருப்பதுதான் பெரிய பள்ளம். மர்ரே ஸ்காட்லாந்தில் மோரே என்ற பகுதியின் பெயர், அயர்லாந்தில் முர்ரியாக் என்பவரின் வழித்தோன்றல். கென்னடி ஸ்காட்லாந்தின் ஏர்ஷயரிலும் உண்டு, அயர்லாந்தின் டிப்பரரியிலும் உண்டு, இருவரும் தனித்தனி. கேம்பல் ஆர்கைலில் ‘கோணல் வாய்’ என்ற பட்டப்பெயர். டைரோனில் சில கேம்பல்கள் மெக்கால் என்று ஒலித்த ஐரிஷ் பெயரை மாற்றிக்கொண்டவர்கள். இந்த மாதிரிப் பெயர்களில் ஸ்பெல்லிங்கை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் பயனில்லை.

சட்டமும் தன் பங்குக்குக் குட்டையைக் குழப்பியது. 1465இல் டப்ளின், மீத், லவுத், கில்டேர் பகுதிகளில் வாழும் ஐரிஷ்காரர்கள் ஊர், நிறம், தொழில், பதவி இவற்றில் ஒன்றை ஆங்கிலக் குடும்பப் பெயராக வைத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் வந்தது. ஸ்காட்லாந்தில் 1603இல் மேக்கிரெகர் என்ற பெயரே தடை செய்யப்பட்டது. இடையில் தளர்ந்து, மறுபடி இறுகி, கடைசியாக 1774இல்தான் தடை நீங்கியது. அந்தக் காலத்து மேக்கிரெகர்கள் கேம்பல், கிராண்ட், டிரம்மண்ட் என்று பதிவாகியிருப்பார்கள். அந்த ஆண்டுகளில் மேக்கிரெகர் திடீரென்று பதிவேட்டிலிருந்து மறைந்தால் குடும்பம் அழிந்துபோனது என்று நினைக்க வேண்டாம்.

பிறகு அல்ஸ்டர். 1609இலிருந்து அரசே திட்டமிட்டு ஸ்காட்லாந்துக்காரர்களை அங்கே குடியமர்த்தியது. தென்மேற்கு ஸ்காட்லாந்திலிருந்து போனவர்களில் கேலிக் பெயர் கொண்டவர்களும் ஏராளம். அதனால் ஆன்ட்ரிமில் ஒரு மெக்மல்லன், ஸ்காட்லாந்து மேக்மில்லனின் கிளையாகவும் இருக்கலாம், அதே ஒலியுள்ள உள்ளூர்ப் பெயராகவும் இருக்கலாம். நமக்கு நன்றாகத் தெரிந்த உதாரணம் கால்டுவெல். 1814இல் ஆன்ட்ரிம் மாவட்டத்தில் ஸ்காட்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்து, கிளாஸ்கோவில் வளர்ந்து படித்து, 1838இல் சென்னை வந்து இறங்கியவர். அவரை அயர்லாந்துக்காரர் என்று எழுதுபவர்களும் ஸ்காட்லாந்துக்காரர் என்று எழுதுபவர்களும் சண்டை போடத் தேவையில்லை. கால்டுவெல் ஸ்காட்லாந்தின் ரென்ஃப்ரூஷயரில் உள்ள ஓர் இடப்பெயர். ஆனால் அல்ஸ்டரில் ‘குளிர்ந்த நீர்’ என்று காதில் விழும் ஊரிஸ்கி என்ற ஐரிஷ் பெயரைக் கால்டுவெல் என்று மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. பெற்றோர் யாரென்று தெரிந்திருப்பதால்தான் பிஷப்பின் விஷயத்தில் தயக்கமில்லை. வெறும் பெயர் மட்டும் கையில் இருந்தால் முடியாது.

குடும்ப வேரைப் பதிவேட்டில் தேடும் வேலைக்கு இதையெல்லாம் எப்படிப் பயன்படுத்துவது? முன்னொட்டை நம்பாமல் தொடங்க வேண்டும். மேக், மெக், ஓ மூன்றையும் சேர்த்தும் நீக்கியும் தேட வேண்டும். தளம் நட்சத்திரக் குறியை ஏற்குமானால் எம், நட்சத்திரம், சி, நட்சத்திரம், அதன்பின் பெயரின் அசையாத மெய்கள் என்று கொடுக்கலாம். மெக்லாக்லினுக்கு எம், நட்சத்திரம், எல், நட்சத்திரம், என் போதும். நடுவில் சி-எச் வந்தாலும் ஜி-எச் வந்தாலும் சிக்கும். முதல் எழுத்துகளைக் கட்டாயம் கேட்கும் தளங்களில் ‘எம்-ஏ-சி’, ‘எம்-சி’, ‘எம்-ஏ-ஜி’ மூன்றையும் தனித்தனியாகப் போட்டுப் பார்க்க வேண்டும்.

சவுண்டெக்ஸ் என்ற ஒலிக்குறியீட்டு முறையை அமெரிக்கக் கணக்கெடுப்புப் பட்டியல்களும் பல தேடுதளங்களும் பயன்படுத்துகின்றன. 1918இல் காப்புரிமை பெற்ற முறை. பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்து, உயிரெழுத்துகளையும் எச், டபிள்யூ, ஒய் ஆகியவற்றையும் விட்டு, மற்ற மெய்களை ஆறு குழுக்களாக எண்ணாக்கி மூன்று இலக்கம் எடுக்கும். நம் பெயர்களில் அது எங்கே வெல்கிறது, எங்கே தோற்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. பி-யும் எஃப்-பும் ஒரே குழு என்பதால் மேக்ஃபார்லனுக்கும் மெக்பார்ட்லினுக்கும் எம்-216. க்யூவும் எஸ்ஸும் ஒரே குழு என்பதால் மேக்குவீனுக்கும் மெக்ஸ்வீனிக்கும் எம்-250. மேகின்னஸ், மெக்கின்னஸ், மெஜெனிஸ் மூன்றுக்கும் எம்-252. கேலகரின் இரண்டு ஸ்பெல்லிங்குக்கும் ஜி-426. இதுவரை பிரமாதம். ஆனால் டாக்கர்ட்டிக்கும் அமெரிக்க டோகர்ட்டிக்கும் டி-263 வரும்போது, சொந்த நாட்டு டோஹர்ட்டிக்கு டி-630. எச் கணக்கில் வராததால் அது தனியே போய்விடும். முன்னொட்டு உதிர்ந்த பெயர் எதுவும் சிக்காது, ஏனென்றால் முதல் எழுத்தே மாறிவிடுகிறது. கெல்லி கே-400, ஓ’கெல்லி ஓ-240. மேக்காய், மெக்கீ, மெக்காய், மெகீ எல்லாம் எம்-200 என்று ஒன்றாக வரும். ஆனால் மாஸ் என்ற ஆங்கிலப் பெயரும் அதே எண், எனவே குப்பையும் கூடவே வரும்.

பெயரைச் சந்தேகிக்கப் பழகியபின், பெயரல்லாத மற்ற தகவல்களில்தான் அடையாளம் காண வேண்டும். அங்கே இரண்டு நாட்டின் ஆவணங்களும் ஒரே தரம் கிடையாது. ஸ்காட்லாந்தில் 1855 ஜனவரி 1 முதல் பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் கட்டாயப் பதிவு. திருமணப் பதிவிலும் இறப்புப் பதிவிலும் தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் இருக்கும். அயர்லாந்தில் கத்தோலிக்கர் அல்லாதோர் திருமணம் 1845 ஏப்ரல் முதலும், மற்ற அனைத்தும் 1864 ஜனவரி முதலும்தான் பதிவாயின. திருமணப் பதிவில் தகப்பன்மார் பெயர் மட்டும். அந்தக் கால இறப்புப் பதிவில் பெற்றோர் பெயரே இராது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் அப்படி. ஸ்காட்லாந்தில் 1841 முதல் பத்தாண்டுக்கு ஒன்று கிடைக்கிறது. அயர்லாந்தில் 1922க்கு முந்தைய கணக்கெடுப்புகளில் முழுமையாக மிஞ்சியவை 1901, 1911 இரண்டும்தான். 1821 முதல் 1851 வரையிலான பெரும்பகுதி 1922இல் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்தபோது போயிற்று. அதற்குப் பிந்தைய நான்கையும் அரசே அழித்தது.

அதனால் அயர்லாந்திலிருந்து ஸ்காட்லாந்துக்குப் போன குடும்பம் என்றால் தேடலை ஸ்காட்லாந்தில் தொடங்குவதே புத்தி. குடியேறியவர் 1855க்குப் பிறகு அங்கே இறந்திருந்தால் அவருடைய இறப்புப் பதிவில் தாய், தகப்பன் இருவர் பெயரும் கிடைக்க வாய்ப்புண்டு. அயர்லாந்தில் அதே தலைமுறைக்கு அது கிடைக்காது. தகவல் சொன்னவர் கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறி போட்டிருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். போட்டிருந்தால் ஸ்பெல்லிங் முழுக்கப் பதிவாளருடையது. பிறகு தாயின் குடும்பப் பெயரையும் தகப்பன் பெயரையும் ஜோடியாக எடுத்துக்கொண்டு அயர்லாந்துப் பதிவுகளுக்குப் போகலாம். நூறாண்டு கடந்த பிறப்பு, 75 ஆண்டு கடந்த திருமணம், 50 ஆண்டு கடந்த இறப்புப் பதிவுகளின் படங்கள் ஐரிஷ்ஜீனியாலஜி அரசுத் தளத்தில் இலவசம். ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள் தளத்தில் படத்துக்குக் காசு.

அயர்லாந்தில் டவுன்லாண்ட் என்ற சிற்றூர்ப் பிரிவு 60,000க்கும் மேல் இருக்கிறது. பதிவில் அந்தப் பெயர் இருந்தால் 1847 முதல் 1864 வரை நடந்த கிரிஃபித் நில மதிப்பீட்டில் அதே டவுன்லாண்டைத் திறந்து, அங்கே குத்தகைக்கு இருந்தவர்கள் எல்லோரையும் ஸ்பெல்லிங் பார்க்காமல் வாய்விட்டுப் படித்துப் பார்க்க வேண்டும். ஸ்காட்லாந்தில் சி-எச்சோடு தேடிக்கொண்டிருந்த டாக்கர்ட்டி அங்கே வெறும் எச்சோடு, சில சமயம் ஓ-வும் சேர்ந்து, மூன்றாவது வரியில் நிற்பார்.